வாசலுக்கு ஒரு முழம்

தொப்.

கேட்டதா டீச்சர்? இல்லை, தேங்காய் இல்லை, இந்தத் தெருவில் தென்னை மரமே கிடையாது. பூனையும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள், இன்னொன்று வரும். இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து யாரோ ஒரு எட்டு குதித்த மாதிரி. பிறகு மூச்சு வாங்குகிற நேரம். பிறகு இன்னொரு தொப்.

கேட்கவில்லையா. சரி. உங்களை இங்கே அனுப்பினார்களே எதிர்வீட்டுச் செண்பகத்தக்கா, அவர்களுக்கும் கேட்காது. உங்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்துப் போர்ஷனில் இருந்த பஸ் கண்டக்டருக்குக் கேட்டது. இரண்டே மாதம். ஒரு நாள் சாயங்காலம் டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். சாவியைக் கையில் கொடுத்த பிறகு சொன்னால் அது ஏமாற்று வேலை. உங்கள் போர்ஷனுக்கும் இந்தக் கூடத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். உட்காருங்கள், அந்த ஸ்டூல் ஆடாது. நான் இந்த மொச்சையை உரித்துக்கொண்டே சொல்கிறேன். மில்லுக்குக் கிளம்புமுன் குழம்பு வைத்துச் சாப்பிட்டாக வேண்டும்.

ராத்திரியில் இந்தச் சத்தம் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மூன்றாம் ஷிப்ட். காலையில் வந்து படுப்பேன். கண் சொக்குகிற நேரம் பார்த்து வரும். கட்டில் கிடந்த அந்த மேற்கு மூலையில் ஆரம்பித்து, தண்ணீர்ப் பானையைத் தொட்டு, நேரே வாசலைப் பார்த்து வரும். கதவுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றுவிடும். தாண்டாது. ஒரு நாளாவது தாண்டிப் போய்விட்டால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

அது என் அம்மாச்சி. குருவம்மா. என் அம்மாவைப் பெற்றவள். போன ஆவணியில், தொண்ணூற்றேழு வயதில் போய்ச் சேர்ந்தாள்.

போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் சௌந்தர மாமாதான். அம்மாச்சியின் ஒரே மகன், கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் அன்றைக்கு அவ்வளவு அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் நான் இப்படிப் பகலில் விழித்துக்கொண்டு கிடக்க மாட்டேன். அவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். சொல்லட்டும்.

உங்களுக்கு அவளைத் தெரியாது. தெரிந்தால்தான் இது புரியும். பதினாலு வயதில் மில்லுக்குள் போனவள். ரீலிங்கில் வேலை. நூலைச் சிட்டமாகச் சுற்றுவார்களே, அது. இழை அறுந்தால் மெஷின் நிற்பதற்குள் முடி போட வேண்டும். கண் வேறெங்கோ பார்க்கும், கை தானாக முடிச்சைப் போட்டுவிடும். மிளகு அளவுகூட இருக்காது அந்த முடிச்சு. என்ன இழுத்தாலும் வராது, இழுக்க இழுக்க இறுகும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். என் அம்மா அப்பா இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போனபோது எனக்கு ஆறு வயது. எட்டாவது வரை படிக்க வைத்தாள். மிச்சத்தை நானே மில் வாசகசாலையில் படித்துக்கொண்டேன். அது வேறு கதை.

மில் வேலை ஒரு பாதிதான் டீச்சர். இந்த நாலு தெருவில் எந்தப் பொம்பளை செத்தாலும் குளிப்பாட்டுவது குருவம்மாதான். என்ன சாதி, என்ன சண்டை என்று பார்க்க மாட்டாள். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிடாமல், அப்படியே போவாள். வெந்நீர் வைக்கச் சொல்வாள். "செத்தவளுக்குப் பச்சைத் தண்ணியா ஊத்துவ? உன் ஆத்தா உனக்குப் பச்சைத் தண்ணியா ஊத்துனா?" என்று அந்த வீட்டு மகள்களைத் திட்டுவாள். குளிப்பாட்டி, தலை சீவி, வாய்க்கட்டுக் கட்டி, கடைசியில் இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டுவாள். அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடிக்க மாட்டாள்.

அந்தக் கால் கட்டு இருக்கிறதே, அதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. மில் முடிச்சைப் போடவே கூடாது. உருவு முடிச்சுத்தான். தும்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். பெயர்தான் சுடுகாடு, இங்கே எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். மண் தள்ளுமுன் உடம்பில் ஒரு கட்டு இருக்கக் கூடாது. வாய்க்கட்டு, கைக்கட்டு, கால் கட்டு எல்லாம் அவிழ்த்தாக வேண்டும். கால் கட்டோடு போனால் எங்கே நடந்து போவார்கள்?

பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாதே. அதனால் இவள் தெரு முக்கில், அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வருகிற ஆம்பளைகளை அங்கேயே மறிப்பாள்.

"கால் கட்ட அவுத்தது யாரு?"

"அதெல்லாம் அவுத்தாச்சு பெரியம்மா."

"அவுத்தாச்சுன்னா? தானா அவுந்து விழுந்துச்சா? யாரு கை பட்டுச்சுன்னு கேக்கேன்."

ஒருத்தன் நான்தான் என்று சொல்கிற வரைக்கும் பம்பைத் தொட விடமாட்டாள். மீசை வைத்த ஆம்பளையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரிசையில் நிற்பான். ஒரு தடவை பலசரக்குக் கடைக்காரர் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தார்கள். இவள் கேட்டாள். நீ அவிழ்த்தாய் என்று நினைத்தேன், இல்லை நீ என்று நினைத்தேன் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "பொழுது இன்னும் இருக்கு. மம்பட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றாள். போனார்கள் டீச்சர். நாலு பேர் திரும்பிப் போய், மண்ணை எடுத்து, அவிழ்த்துவிட்டு வந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அவள் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வருகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

தொண்ணூற்று மூன்று வரை நன்றாகத்தான் இருந்தாள். தன் சேலையைத் தானே துவைப்பாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தொந்தரவு. நான் ஷிப்டுக்குப் போனதும் எழுந்து வெளியே போக ஆரம்பித்தாள். ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாள். திறந்தால், "தண்ணி காஞ்சிருச்சா?" என்று கேட்பாள்.

நினைத்துப் பாருங்கள். உள்ளே எல்லோரும் உயிரோடு படுத்திருக்கிறார்கள். இவள் வந்து நின்று குளிப்பாட்ட வெந்நீர் கேட்கிறாள். முதலில் சிரித்தார்கள். "இன்னும் யாரும் சாகல கெழவி, செத்தா சொல்லிவிடுறோம், போய்ப் படு." அப்புறம் டிரைவர் சண்முகக்கனி வீட்டில் மகள் நிறைமாதமாக இருந்தாள். அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். மறுநாள் காலையில் நான் வரும்போது சண்முகக்கனி வாசலில் நிற்கிறார். "பெத்துராஜு, உங்க அம்மாச்சி எங்க அம்மாவக் குளிப்பாட்டுன கை. நான் மறக்கல. ஆனா இனிமே என் வாசப்படிய மிதிச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன்." செண்பகத்தக்காவும் சொன்னார்கள். "பூட்டிட்டுப் போயேன் தம்பி." பூட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து கதவை ராத்திரி முழுக்கத் தட்டியிருக்கிறாள். தெருவே தூங்கவில்லை. திறந்து வைத்தேன். சாக்கடையில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள்.

மாமாவுக்குப் போன் செய்தேன். ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் மாமா, நான் பகல் ஷிப்ட் மாறப் பார்க்கிறேன் என்றேன். "மூணாவது மாடிடா, லிப்ட் வேற ரிப்பேர். அவளுக்கு உன்னைய விட்டா இருக்க முடியாதுடா" என்றார். நல்ல மனுஷன், பேச்சில் குறை வைக்க மாட்டார். பகல் ஷிப்டும் நான் கேட்டுப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ராத்திரியில் நாலு சுவருக்குள் என்னால் இருக்க முடியாது.

அதனால் ஒரு வழி செய்தேன். எட்டு முழ வேட்டி, பழசு, துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அதை நீளவாக்கில் கிழித்து நாலாக மடித்தேன். ஒரு தும்பு கட்டில் காலில். ஒரு தும்பு அவள் இடது காலில், கரண்டைக்கு மேலே, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. நீளத்தை நானே அளந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் போகலாம். வாளிக்குப் போகலாம். கூடத்தில் நடக்கலாம். கதவுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. கயிறு இல்லை டீச்சர், துணி. பக்கத்து ஊரில் ஒருத்தர் தன் அப்பாவைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார், நானே பார்த்திருக்கிறேன். காலையில் வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுவேன். பகல் முழுக்க அவள் இஷ்டம். ஆனால் பகலில் எங்கேயும் போக மாட்டாள். பேரன் தூங்குகிறான் என்று என் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னதில்லை. போட்டது அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சு. இறுகிப்போன மில் முடிச்சை மில்லில் வேலை பார்த்தவர்கள்தான் அவிழ்க்க முடியும், அவள் அறுபது வயது வரை அதில் இருந்தவள். நினைத்திருந்தால் அவிழ்த்திருப்பாள். அவிழ்க்கவில்லையே.

அந்த ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஏழேகாலுக்கு வந்து கதவைத் தள்ளினேன். கூடத்தில் குப்புறக் கிடந்தாள். தலை வாசலைப் பார்த்து இருந்தது. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. தொட்டேன், ஜில்லென்று இருந்தது. கால் துணியை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஒன்றும் கனமில்லை. அதற்குப் பிறகுதான் செண்பகத்தக்காவைக் கூப்பிட்டேன்.

தெருவே வந்தது. பொம்பளைகள் கூடி நின்றார்கள். யார் குளிப்பாட்டுவது? ஒருத்திக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவள் செய்துவிடுவாள் என்று யாரும் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. கடைசியில் செண்பகத்தக்காவும் இன்னொரு அம்மாவும் சேலை மறைப்புக் கட்டி இரண்டு குடம் ஊற்றினார்கள். பச்சைத் தண்ணீர். வெந்நீர் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பேரன் வந்து கால் கட்டுப் போடு, நல்ல வெள்ளைத் துணியாக் கொண்டா" என்றார்கள். உள்ளே வந்தேன். கைக்கு அகப்பட்டது அந்த வேட்டித் துணிதான். மெத்தென்று இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அதில் ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டினேன்.

மத்தியானம் மாமா காரில் வந்து இறங்கினார். "அம்மா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுத அழுகையில் சண்முகக்கனியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுது முடித்ததும் மணி பார்த்தார். "ஏம்ப்பா, எதுக்கு வச்சுக்கிட்டிருக்கீங்க? அஞ்சு மணிக்குள்ள எடுத்துருவோம். டிரைவர் ராத்திரி ஓட்ட மாட்டேங்கிறான்." எடுத்துவிட்டோம். அவ்வளவு வேகம். சுடுகாட்டில் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இறக்கினார்கள். சௌந்தர மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். மண்ணை அள்ளிப் போடு என்றார்கள், போட்டேன்.

திரும்பி வரும்போது தெரு முக்கில் அடிபம்பு. எல்லோரும் கால் கழுவினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. நான் கழுவி முடித்து, வீட்டுக்கு வந்து, விளக்குப் பார்த்து, மாமாவைக் கார் ஏற்றி அனுப்பிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கால் கட்டை அவிழ்த்தது யார்? நான் அவிழ்க்கவில்லை. யாராவது அவிழ்த்ததைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அப்போதே இன்னொன்றும் உறைத்தது. காலையில் நான் போட்டது உருவு முடிச்சில்லை. என் கை தானாகப் போட்டது மில் முடிச்சு.

பொழுது போய்விட்டது. போகாமல் இருந்தாலும் மம்பட்டி எடுத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவேன்?

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் சத்தம் ஆரம்பித்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். "கால் கட்டை அவிழ்த்தீர்களா மாமா?"

"என்ன கட்டு?"

"பெருவிரல் கட்டு. நீங்கள்தானே தலைமாட்டில் நின்றீர்கள்."

"டேய், தலைமாட்டுல நின்னா கால் எப்படிடா தெரியும்? அதெல்லாம் குழிக்காரன் பாத்திருப்பான். நீ ராத்திரி முழிச்சு முழிச்சு உனக்கு உடம்பு சூடு. எண்ணெய் தேச்சுக் குளி."

எண்ணெய் தேய்த்தும் குளித்தேன். நாலு மாதம் பொறுத்தேன். கண்டக்டர் காலி செய்துவிட்டுப் போன மறுநாள், மில்லிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு சைக்கிளை விட்டேன். அங்கே மூக்கையா என்று ஒருத்தர், குழி வெட்டுகிறவர். குழிக்குள் நின்று உடம்பை வாங்கி வைத்தவர் அவர்தான். கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்சல் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னார் பேரன் என்றேன்.

"தெரியுமே. குருவம்மா பேரன். என்ன விசயம்?"

கேட்டேன். டீயைக் கீழே வைத்தார்.

"அந்த எழவு முடிச்ச நீதான் போட்டியா? அவுக்கவே முடியல சாமி. நகத்தால நோண்டுனேன், பல்ல வச்சுக் கடிச்சேன். ம்ஹூம். உங்க மாமா மேல நின்னு சீக்கிரம் சீக்கிரம்கிறாரு. எவனோ மில்லுக்காரன் கட்டிருக்கான்னு வஞ்சுக்கிட்டே பிளேடால அறுத்து எறிஞ்சேன்."

"அறுத்தீர்களா? நிச்சயமாகவா?"

"நான் அறுக்காம யாரு அறுப்பா? அந்தம்மா தெரு முக்குல உக்காந்து என்னைய எத்தன தடவ பிடிச்சிருக்கு. அது காலையா நான் கட்டோட விடுவேன்?"

டீச்சர், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். சைக்கிள் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் சும்மா இருந்திருக்கலாம். மறுபடி டீயை எடுத்தவர், "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்" என்றார்.

"என்ன?"

"இடது கால்ல என்னப்பா அது? கரண்டைக்கு மேல சுத்தி. தோல் கறுத்து, காப்புக் காச்ச மாதிரி."

"தண்டை போட்ட தழும்பு. சின்ன வயதில் போட்டிருந்தாள்" என்றேன்.

"ஒத்தக் கால்லயா?"

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"கட்டுத்தறியில நிக்கிற மாட்டுக்கு அப்படித்தான் காச்சுப் போகும்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அவர் குடிக்கிறவர் டீச்சர், காலையிலேயே குடிப்பவர் என்று சொல்வார்கள். அவர் பேச்சை ஒரு பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சை அறுத்தேன் என்று சொன்னதை மட்டும் நான் நம்புகிறேன்.

ஆனால் அறுத்தாகிவிட்டது என்றால் இந்தச் சத்தம் ஏன் வருகிறது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நானும் யோசிக்காத நேரமில்லை. மெஷின் முன்னால் நின்று முடி போடும்போதெல்லாம் இதுதான். மாமா அவசரப்படுத்தியதில் வேறு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கைக்கட்டோ, வாய்க்கட்டோ. அடுத்த அமாவாசைக்குப் போய் மூக்கையாவிடம் அதையும் கேட்க வேண்டும்.

என்ன டீச்சர், எழுந்துவிட்டீர்கள்? பரவாயில்லை, உங்களுக்கும் வேலை இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள். போர்ஷன் நல்ல போர்ஷன், தண்ணீர்க் கஷ்டம் கிடையாது.

என்ன கேட்டீர்கள்? எத்தனை நாள் அப்படி வைத்திருந்தேன் என்றா?

நாளா.

மூன்று வருஷம். மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கட்டியதில்லை. ஞாயிறு மில் லீவு, நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் அவள் எங்கேயும் போனதில்லை. கதவு திறந்துதான் கிடக்கும். ஒன்பதரை மணி ஆனதும் கட்டிலில் உட்கார்ந்து இடது காலை என் பக்கமாக நீட்டிவிடுவாள். "வா பெத்து, கட்டிட்டுப் போ, மில்லுச் சங்கு ஊதிரப் போறான்" என்பாள். இன்றைக்கு வேண்டாம் அம்மாச்சி, லீவு என்று சொல்ல வேண்டும். சரி என்பாள். காலை மடக்க மாட்டாள். இரண்டு தரம் சொல்ல வேண்டும். சில ஞாயிறு மூன்று தரம்.

படியில் ஈரமாக இருக்கும், பார்த்து இறங்குங்கள். சாவி செண்பகத்தக்காவிடம்தான் இருக்கிறது.

எனக்கு மொச்சை இன்னும் பாதி கிடக்கிறது.